வெட்கம் வேண்டா!

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்திற்கு வந்த ஒரு கைம்பெண், முந்தானையில் முடிந்திருந்த ரசீதை நம்மிடம் நீட்டினார். மகளின் திருமணத்திற்காக ஒரு நிதி நிறுவனத்தில் போட்ட பணம். தவணை முடிந்தும் வரவில்லை. "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், சாமி" என்றார்.

அன்பர்களே, வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவரே, ஏமாந்தவர் அல்லர். திருப்பூர் பாசி நிறுவனத்தில் பணம் இழந்தோர் 2009-இல் துணிந்து முறையிட்டனர். 2022-இல் கோவைத் தனி நீதிமன்றம் இயக்குநர் இருவருக்கு 27 ஆண்டுச் சிறையும், 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது.

இதற்கு அடிப்படை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். இது செல்லும் என உச்ச நீதிமன்றமும் 2011-இல் தீர்ப்பளித்தது. ரசீதுடன் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறையிடம் முறையிட்டால், நிறுவனத்தின் சொத்துக்களை முடக்கி விற்று, கிடைப்பதை விகிதப்படி பகிர்ந்தளிக்க வழியுண்டு.

ஆனால் அரசுக் கழகங்களும், அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கூட்டுறவுச் சங்கங்களும், வங்கிகளும் இச்சட்டத்திற்குள் வாரா. அரசுக் கழகம் கடன் பத்திரத்திற்குரிய பணத்தைத் தராவிடில் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். கூட்டுறவுச் சங்கமாயின் அதன் உறுப்பினர் கூட்டுறவுப் பதிவாளரிடம் முறையிடலாம். பணம் கோரும் வழக்கிற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே கெடு. வெட்கி வாளாவிருப்போரின் உரிமை அதற்குள் கரைந்துவிடும்.

நற்செய்தியில் வரும் கைம்பெண், நேர்மையற்ற நடுவரிடம் ஓயாமல் முறையிட்டே நீதி பெற்றாள். நம் பங்கின் தாயும் மறுநாளே புகார் கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை. ஆயினும் அவர் இப்போது தலைநிமிர்ந்து நடக்கிறார்.