பாடசாலைச் சீருடைக்கு விலை பேசலாமா?

மார்ச் மாதம் கொழும்புக்குப் பெருஞ்சமர்க் காலம். 1879இல் தொடங்கிய றோயல் – தோமியன் கிரிக்கெட் ஆட்டமும், புனித சூசையப்பர் – புனித பேதுரு கல்லூரிகளின் ஆட்டமும் முடிய, றக்பி பருவம் வந்துவிடும். றோயல் – தோமியன் சமருக்கும், கண்டி திரித்துவக் கல்லூரியுடன் றோயல் மோதும் பிராட்பி கேடயத்துக்கும் டயலொக் நிறுவனம் அனுசரணை வழங்கிவருகிறது. அதே நிறுவனத்தின் தொலைக்காட்சிச் சேவையிலேயே ஆட்டங்கள் நேரலையாகவும் வருகின்றன. இதில் சட்ட மீறல் எதுவுமில்லை. ஆனால், பாடசாலை ஆட்டம் விற்பனைப் பண்டமாகிவிட்டால், அணியில் யார் ஆடுவது, எந்தப் பிரிவில் ஆடுவது என்பதையும் பணமே தீர்மானிக்கத் தொடங்கும்.

பாடசாலை றக்பி லீக்கின் மேல்பிரிவில் நிற்கும் அணிக்கே ஒளிபரப்பும் விளம்பரமும். கீழே இறங்குவது பழைய மாணவர்களுக்கு மானப் பிரச்சினை. ஆகவே, சிறிய பாடசாலையொன்று வருடக்கணக்கில் பயிற்றி வளர்த்த பையனை, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, புலமைப்பரிசில், தங்குமிடம், சாப்பாடு என்று சொல்லிப் பெரிய பாடசாலை அழைத்துக்கொள்கிறது என்ற முறைப்பாடு வருடாவருடம் எழுகிறது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகை வீட்டில் பிள்ளை வளர்க்கும் பெற்றோர் அந்த அழைப்பை மறுப்பது எளிதல்ல. அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. எமது கேள்வி அழைத்துச் செல்பவர்களிடம்தான். முழங்கால் முறிந்து அந்தப் பையன் ஆட முடியாமல் போனால், அவனது உயர்தரப் படிப்புக்கு யார் பொறுப்பு?

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், கல்லூரிகளின் அமெரிக்கப் பாணிக் கால்பந்தை ஒளிபரப்பும் உரிமையைப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் தாமே விற்க முடிந்தது. 2022இல் 'பிக் டென்' கூட்டமைப்பு ஏழாண்டுகளுக்கு 700 கோடி டொலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தை அறிவித்தது. அதே ஆண்டில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இரு பெரும் பல்கலைக்கழகங்கள், 1915 முதல் வேரூன்றியிருந்த மேற்குக்கரைக் கூட்டமைப்பைக் கைவிட்டு 'பிக் டென்' பக்கம் போக முடிவெடுத்தன. 2024இல் அந்தப் பழைய கூட்டமைப்பில் மிஞ்சியவை 12இல் இரண்டுதான். கால்பந்தால் பணம் வந்தது. தூரத்தின் பாரமோ எல்லா விளையாட்டு மாணவர் மீதும் விழுந்தது. நீச்சல் வீரர்களும் சொஃப்ட்போல் ஆடுபவர்களும் வகுப்பை விட்டுவிட்டு நாட்டின் மறுகரைக்குப் பறக்கிறார்கள். முடிவெடுத்த மேசையில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

எமது தொகைகள் அவற்றின் அருகில்கூட வரமாட்டா. போக்கு மட்டும் ஒன்றே: கல்வி நிறுவனத்தின் முடிவைக் கல்வி அல்லாத ஒன்று எடுப்பது.

அனுசரணை இல்லாவிட்டால் பாடசாலை விளையாட்டே படுத்துவிடும் என்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோடி சப்பாத்து வாங்கவே திணறும் வீடுகள் உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. பணம் வரட்டும், ஆனால் வெளிச்சத்தில் வரட்டும். றோயல் ஓர் அரச பாடசாலை. இலவசக் கல்வியும் பிராட்பி கேடயமும் 1945 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலையின் பெயரை வைத்து எவ்வளவு பெறப்பட்டது, எங்கே செலவானது என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

கல்வி அமைச்சு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, பாடசாலைப் போட்டிகளுக்கான அனுசரணை, ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் தொகையையும் செலவையும் ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும். இரண்டாவது, விளையாட்டுக்காகவே பாடசாலை மாறும் மாணவன் ஓராண்டு காத்திருந்த பின்னரே புதிய அணியில் ஆடலாம் என்ற விதியைப் பாரபட்சமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். அந்த மாணவன் காயமுற்றாலும் அவனது புலமைப்பரிசில் உயர்தரப் பரீட்சை வரை தொடர வேண்டும். மூன்றாவது, திரளும் பணத்தில் ஒரு பங்கு, சொந்த மைதானமில்லாத பாடசாலைகளுக்கும், வீரர்களை முதலில் வளர்த்த பாடசாலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

பெருநிறுவனங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதை எதிர்க்க நியாயமான காரணம் எதுவுமில்லை. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே இதற்கான சுற்றறிக்கை பாடசாலைகளின் கைக்கு வர வேண்டும்.