பிள்ளை படுக்கும் வீட்டுக்குள் வெடிமருந்து எதற்கு?



அன்பான அடம்பன் உறவுகளே, அயலூர்ச் சொந்தங்களே,

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள். வாசித்த பிறகு எங்களை ஏச வேண்டும் போலிருந்தால் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

போன கிழமை இஷா முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். எங்களிடம் படித்த தம்பி ஒருவர் போனை நீட்டினார்.

“சேர், இதப் பாருங்க. அமெரிக்காவில வீட்டுக்குள்ளயே வச்சு தோட்டா செய்யிறாங்க. எங்கட்டயும் வெத்துக் கோது கிடக்குத்தானே. ஈயம் இருக்கு. மருந்துக்கும் ஆள் இருக்கு. ஏன் கடையில காசக் கொட்டோணும்?”

வீடியோவைப் பார்த்தோம். மேசையில் பூட்டிய ஒரு இயந்திரம். புரோகிரசிவ் பிரஸ் என்று பெயர். சுற்றும் தட்டில் சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகள் வரிசையாக ஏறுகின்றன. ஒரு இடத்தில் பழைய தொப்பி கழன்று புதியது ஏறுகிறது. அடுத்ததில் மருந்து விழுகிறது. அடுத்ததில் குண்டு உட்காருகிறது. கைபிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. கைத்துப்பாக்கிக்கு இப்படி மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு.

சுற்றி நின்ற நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட “வேணாம் தம்பி” என்று சொல்லவில்லை. நாங்களும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தச் சிரிப்புத்தான் அன்றிரவு தூங்க விடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தத் தம்பி பார்க்காததைச் சொல்கிறோம். அந்த மேசையில் இருந்த மருந்து தொழிற்சாலையில் செய்து, என்ன வகை, எவ்வளவு போடலாம் என்று எழுதி விற்கப்பட்டது. தொப்பியும் குண்டும் அப்படித்தான். பக்கத்தில் நுட்பமான தராசு இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் அங்கே விபத்து நடக்கிறது. கைபிடி பாதியில் நின்றால் ஒரே கோதுக்குள் இரண்டு தரம் மருந்து விழலாம். அல்லது விழாமலே போகலாம். மருந்து இல்லாத தோட்டாவில் தொப்பி மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் இறுகி நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும். கவனமானவனுக்கே இந்தக் கதி.

நம் ஊரில் என்ன இருக்கிறது? பழைய சொட்கன் கோது. ஊர் பேர் தெரியாத போத்தலில் ஒரு கறுத்த தூள். இடியன் துவக்குக்குப் போடுகிற கரிமருந்து வேறு, தொழிற்சாலைத் தோட்டாவுக்குள் இருக்கிற புகையில்லா மருந்து வேறு. இரண்டாவது கிளப்புகிற அழுத்தம் பல மடங்கு. ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் பழைய குழலுக்குள் போட்டால், பன்றிக்கு முன்னால் சுட்டவனின் கைதான் போகும். போத்தலில் இருப்பது எது என்று வித்தவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பெற்றரியை உடைத்தும், வலைக்குக் கட்டுகிற ஈயத்தை எடுத்தும் அடுப்பில் உருக்கிச் சன்னம் வார்க்கிறார்கள். எந்த அடுப்பில்? உம்மா கஞ்சி காய்ச்சுகிற அதே அடுப்பில். ஈயப்புகையும் தூளும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பிள்ளையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்று எங்களிடம் முறையிடுகிறீர்கள். வீட்டு அடுப்பில் என்ன உருகுகிறது என்று நாங்கள் இதுவரை கேட்டதில்லை. இனிக் கேட்போம்.

எங்கள் குற்றத்தையும் மறைக்கப் போவதில்லை. இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு மகன் வலது கையில் கட்டோடு வந்தான். சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னான். நம்பினோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, தட்டில் காயவைத்திருந்த மருந்துக்குப் பக்கத்தில் விளையாடியிருக்கிறான். இரண்டு விரலின் நுனி இல்லை. என்ன நடந்தது என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவனுடைய வாப்பா வந்து, “சேர், வெளிய தெரிஞ்சா பொலிஸ் வரும், குடும்பம் அழிஞ்சிடும்” என்று அழுதார். வாயை மூடிக்கொண்டோம். அந்த மகன் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறான். நாங்கள் மூடிய வாய்க்கு அவன் கொடுத்த விலை அல்ல அது, அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஆனால் அடுத்த பிள்ளைக்கு ஒன்று நடந்தால் அந்தப் பாவம் எங்கள் கழுத்தில்தான்.

நாம் இருப்பது எந்த மண்ணில் என்று மறந்துவிட்டோமா? 2008 மே மாதம் அடம்பனை இராணுவம் பிடித்தபோது போர் நம் வயல் வரம்புகளுக்கு மேலாலேயே போனது. தமிழ்ச் சகோதரர்கள் மாட்டையும் நெல்லையும் விட்டு ஓடினார்கள். அதற்கு 18 வருடம் முன்பு, 1990 ஒக்ரோபரில், வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் துவக்கு முனையில் வெளியேறச் சொன்னார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று இந்த ஊரில் வாப்பாமார். யார் குடும்பத்தைத் துவக்கு தொடாமல் விட்டது? 2009க்குப் பிறகு திரும்பி வந்து காட்டை வெட்டிக் குடியேறியபோது, மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள்தான் நம்மை வரவேற்றன. மிதிவெடி அகற்றுகிறவர்கள் வெயிலில் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்த மண் இது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதே, கல்லால் எறியாதே, பெரியவரிடம் போய்ச் சொல் என்கிறோம். பிள்ளை வீட்டுக்குப் போகிறது. அங்கே பெரியவரே கைவிடப்பட்ட ரவையைக் குறட்டால் உடைத்துத் தூளைக் கொட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

“பன்றிக்குத்தான் சேர்” என்று சொல்வீர்கள். பன்றியின் தொல்லை எங்களுக்கும் தெரியும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்து, கடன்பட்டு உரம் போட்டு, கதிர் முற்றுகிற நேரம் ஒரே இரவில் வயல் புரண்டு கிடந்தால் வயிறு எரியும். அந்த எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் உண்மையைப் பேசுவோம். பன்றிக்கு என்று நிரப்பிய தோட்டா மானுக்கும் மரைக்கும் போகிறது. தோட்டாவில் மிஞ்சிய மருந்து கட்டுத்துவக்குக்குப் போகிறது. பன்றி போகிற பாதையில் நூல் கட்டி வைக்கிற அந்தத் துவக்கு, விடிய வாய்க்கால் பார்க்கப் போகிற மனிதனின் காலைத்தான் உடைக்கிறது. தீனிக்குள் பொதிந்து வைக்கிற வாய்வெடியை மேயப்போன மாடும் கடிக்கும். ஒரு வீட்டில் மருந்து இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இரவில் கதவைத் தட்ட ஆள் வரும். என்ன தேவைக்கு வந்தான் என்று உங்களால் கேட்கவும் முடியாது, “இல்லை” என்று சொல்லவும் முடியாது.

“மிச்சம் பிடிக்கிறோம்” என்பது அடுத்த பேச்சு. எத்தனை ரூபாய் மிச்சம்? ஒரு கைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். ஒரு வழக்குக்கு மன்னாருக்கு நடந்து பாருங்கள். துவக்கையும் தோட்டாவையும் கட்டுப்படுத்தும் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வெடிபொருள் சட்டம் 1956இல் வந்தது. அனுமதியில்லாமல் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். உங்களிடம் உள்ள துவக்குக்கு லைசென்ஸ் இருந்தாலும், வீட்டில் காயும் மருந்துக்கு அது லைசென்ஸ் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லக் கசக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். 2019 ஜனவரியில் வனாத்தவில்லில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருள் பிடிபட்டது. ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று அத்தனை அப்பாவி உயிர்கள் போயின. அந்தக் கொலைகாரர்களோடு நமக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வீட்டிலிருந்த கத்திக்கும் பதில் சொல்ல வேண்டிய நாட்களைப் பார்த்தோம். அந்தச் சந்தேகம் அநியாயம். அதை இன்றும் எதிர்க்கிறோம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 2022 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவரை 12 மாதம் வரை வழக்கில்லாமல் தடுத்து வைக்க இடம் கொடுக்கிறது. அதையும் எதிர்க்கிறோம். ஆனால் “எங்களைச் சந்தேகப்படாதே” என்று கேட்கிற வாயால், அலுமாரிக்குப் பின்னால் ஒரு போத்தல் தூளை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. பிடிபட்டால் நீங்கள் ஒருவர் உள்ளே போவீர்கள், ஊர் முழுதும் வரிசையில் நிற்கும். பன்றிக்குத்தான் வைத்தேன் என்று நீங்கள் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். எண்ணியதால் ஒரு கதிராவது தப்பியதா? சட்டப்படி ஒரு துவக்கு எடுக்க ஏழை விவசாயி எத்தனை படி ஏற வேண்டும்? நேர்வழியை அடைத்து வைத்தால் குறுக்குவழியில் கூட்டம் கூடும். இதைக் கேட்க வேண்டிய இடத்தில் சேர்ந்து கேட்போம்.

அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் மூன்று விசயம் வைப்போம். பயிர் செய்கிறவருக்கு உரிய சோதனையோடு, காலதாமதம் இல்லாமல் லைசென்ஸும் நியாய விலைத் தோட்டாவும் கொடு. பன்றி அழித்த வயலை வந்து பார்த்து நட்டஈடு கொடு. காட்டோரத்து வயல்களுக்கு வேலியும் வெளிச்சமும் போட உதவு. கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுப்போம். கடிதம் எழுதுவது எங்கள் பொறுப்பு. கையெழுத்துப் போட நீங்கள் வாருங்கள், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து என்ற வித்தியாசம் பன்றிக்கு இல்லை.

அதுவரை பழைய காவலுக்குத் திரும்புவோம். முன்பு பத்து வயல்காரர் சேர்ந்து கொட்டில் போட்டு முறை வைத்துக் காத்தார்கள். நெருப்பு, தகரம், நாய், இரண்டு டோர்ச். இன்று ஆளுக்கொரு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், வயல் தனியாகக் கிடக்கிறது. கட்டுத்துவக்கை நம்புகிறவன் காவலுக்குப் போக மனமில்லாதவன் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், யோசியுங்கள்.

பிறருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்த ஒன்றை வைத்திருக்க மார்க்கம் நமக்கு இடம் தரவில்லை. அயல்வீட்டான் நம்மால் அச்சமில்லாமல் தூங்க வேண்டும் என்பதுதான் நாம் கற்ற பாடம். நம் அயல்வீட்டான் சில்லறைக் கடை அன்ரனாக இருக்கலாம், மாடு மேய்க்கிற கந்தையாவாகவும் இருக்கலாம்.

வீட்டில் போத்தல் வைத்திருப்பவருக்குக் கடைசியாக ஒன்று. அதை எரிக்காதீர்கள், கிணற்றில் கொட்டாதீர்கள், பிள்ளையிடம் கொடுத்து எறியச் சொல்லாதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரையோ ஒரு சட்டத்தரணியையோ கூட்டிக்கொண்டு போய் முறைப்படி அறிவியுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். இரண்டு வருசத்துக்கு முன் அந்த வாப்பாவோடு போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். இந்த முறை வருவோம்.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளின் கைகளை எழுதுவதற்கும் உழுவதற்கும் முழுதாக வைத்திரு. ஆமீன்.

வஸ்ஸலாம்.