மேற்கோளும் மதிப்பும்

அறிஞர் ஒருவருடைய ஆராய்ச்சியின் மதிப்பை எவ்வாறு அறிவது? வானியல் துறையில் இக்காலத்து வழங்குவது எண்ணிக்கை முறையாகும். ஒருவர் வெளியிட்ட ஆய்வுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் தம் ஆய்வுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று கணக்கிடுகின்றனர். 2005ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர் இவ்விரண்டையும் ஓர் எண்ணில் அடக்கினார். ஒருவருடைய உரைகளுள் 20 உரைகள், ஒவ்வொன்றும் 20 முறைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டிருப்பின், அவருக்குரிய எண் 20 ஆகும். பதவி வழங்குவோரும் பொருளுதவி புரிவோரும் இவ்வெண்ணை நாடுவது இயல்பே. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களை எல்லாம் ஊன்றிப் படிக்க அவர்களுக்குப் பொழுது ஏது? ஆயினும், இவ்வெண்ணைக் கண்ட அளவிலே ஆளை அளந்துவிட்டோம் என்று கருதுதல் தவறு என்பது என் துணிபு. ஹென்றியேட்டா லீவிட் அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

அம்மையார் 1868ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டு வானாய்வகத்தில், மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் நிழற்படமாய்ப் பதிந்த விண்மீன்களின் ஒளியை மதிப்பிட்டு வந்தார். தொலைநோக்கியை இயக்கும் வாய்ப்பு அக்காலப் பெண்டிர்க்கு அரிது. தகடுகளே அவர்க்கு வானம். செவிப்புலன் குன்றியவராயினும் அம்மையாரின் கண் மிகக் கூரியது. ஒளி மிகுந்தும் குறைந்தும் மாறும் விண்மீன்கள் ஏறத்தாழ 2,400ஐ அவர் கண்டறிந்தார்.

அவற்றுள் சிறிய மெகல்லன் முகில் என்னும் விண்மீன் திரளில் உள்ளவை தனிச்சிறப்புடையன. அத்திரளின் படங்கள் தென்னமெரிக்காவில் பெரு நாட்டு அரெக்கிப்பா நகரில் எடுக்கப்பட்டவை. இருளில் அருகே உள்ள சிற்றகலும் தொலைவில் உள்ள பெரும்பந்தமும் ஒன்றுபோலத் தோன்றக் கூடும். ஆனால் நெடுந்தொலைவிலுள்ள ஒரு குன்றின்மீது பல விளக்குகள் எரியுமாயின், அவை அனைத்தும் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவின. அவற்றுள் பேரொளியாய்த் தோன்றுவது மெய்யாகவே பேரொளி உடையது. மெகல்லன் முகில் அத்தகையதொரு குன்று. அதிலுள்ள 25 மாறொளி மீன்களை அம்மையார் ஒப்பிட்டார். ஒளி மிக்க மீன் ஒருமுறை மங்கி மீண்டும் பெருகுவதற்கு நெடுநாள் கொள்வதையும், ஒளி குறைந்தது சின்னாளில் மாறிவிடுவதையும் கண்டார். இவ்வொழுங்கு தெரிந்தபின், மாறும் காலத்தைக் கணித்து மெய்யொளியை அறியலாம். மெய்யொளியைத் தோற்ற ஒளியோடு ஒப்பிட்டுத் தொலைவை அறியலாம். வானத்தை அளக்க ஒரு கோல் கிடைத்துவிட்டது! அக்கோலுக்கு அளவு குறிக்கும் பணியை ஹெர்ட்ஸ்பிரங் என்பார் மறு ஆண்டே தொடங்கினார்.

1912ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வானாய்வகத்தின் சுற்றறிக்கையாகச் சில பக்க அளவில் வெளிவந்தது. அதில் கையொப்பமிட்டவர் இயக்குநர் பிக்கரிங். அம்மையார் ஆக்கியது என்னும் குறிப்பு உள்ளே உண்டு, அவ்வளவே. 1923ஆம் ஆண்டில் ஹபிள், ஆண்ட்ரோமீடாவில் இத்தகைய மீன் ஒன்றைக் கண்டார். ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்குப் புறம்பான வேறோர் அண்டம் என்று அவர் நிறுவியது இக்கோலைக் கொண்டே. ஹபிளின் புகழ் உலகெங்கும் பரந்தது. அம்மையாரோ 1921ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

ஒரு கருத்து யாவரும் அறிந்த உண்மையாகிவிட்டால், அதைப் பயன்கொள்வோர் மூலத்தைச் சுட்டுவதில்லை. வாய்பாடு சொல்லும் சிறுவன் அதனை யாத்தவன் பெயரைச் சொல்வதுண்டோ? தொல்காப்பியரும் முன்னோர் முடிபைக் கூறுமிடத்துப் புலவர் கூறுவர் எனப் பொதுப்படச் சொல்வாரேயன்றிப் பெயர் சுட்டுதல் அரிது. அப்புலவர் எவரெவர் என்பதை இன்று நாம் அறியோம். அவர் கண்ட இலக்கணமோ நம் நாவில் உள்ளது. ஆகவே, மிக ஆழ வேரூன்றிய கருத்தே மேற்கோள் கணக்கில் குறைந்து தோன்றுதலும் கூடும். இதற்கு மறுதலையும் உண்டு. இரு நியூட்ரான் மீன்கள் மோதியதைப் பற்றி 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுரை ஒன்றில் 3,000க்கு மேற்பட்டோர் ஆசிரியராய் நிற்கின்றனர். அதற்குக் கிடைக்கும் மேற்கோள் ஒவ்வொன்றும் அவரனைவர் கணக்கிலும் ஏறும்! அவருள் எவர் எவ்வளவு செய்தார் என்பதை அவ்வெண் எங்ஙனம் உரைக்கும்? மறுப்பதற்காகக் காட்டும் மேற்கோளும் அதே கணக்கில்தான் சேர்கிறது.

எண்ணை அறவே விலக்குக என்று யான் கூறவில்லை. தேர்வு செய்வோர், விண்ணப்பித்தவர் தம் சிறந்தவை எனத் தரும் இரண்டு மூன்று உரைகளையேனும் முழுதும் படித்தல் வேண்டும். எண்ணைப் பிறகு பார்க்கட்டும்.

சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மித்தாக்-லெஃப்லர் எந்த எண்ணையும் பார்த்தவர் அல்லர். மாறொளி மீன்களின் ஒழுங்கைக் கேட்டறிந்து வியந்து, நோபல் பரிசுக்கு லீவிட் அம்மையாரைப் பரிந்துரைக்க விரும்பி, 1925ஆம் ஆண்டில் அவர் பெயருக்கே மடல் எழுதினார். அம்மடல் ஹார்வர்டு வந்து சேர்ந்தபோது, அம்மையார் மறைந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.