கூண்டு வைத்தால் சிறுத்தை தீர்ந்துவிடுமா?

போன வாரம் சுற்றிய அந்த சிசிடிவி வீடியோவை எனக்கு எத்தனை பேர் அனுப்பினீர்கள் என்று எண்ணவில்லை. ராத்திரி இரண்டு மணி. காம்பவுண்டு சுவர் மேல் ஒரு சிறுத்தை நிதானமாக நடந்து போகிறது. கீழே ஒரு நாய் குரைக்கக்கூட மறந்து நிற்கிறது. "உங்க ஊர்ப் பக்கமா?" "பத்திரமா இருங்க." "ஃபாரஸ்ட்காரங்க இன்னும் ஏன் புடிக்கல?" மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் ஊர்ப் பக்கம்தான். கோவைக்கு மேற்கே, மலையடிவாரம். என் வாழைத்தோப்பு முடிகிற இடத்தில் ஓடை, ஓடைக்கு அக்கரையில் காடு. இங்கே சிறுத்தை புது விருந்தாளி இல்லை, கேமராதான் புதுசு. முன்பெல்லாம் காலையில் வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் தடம் பார்ப்போம். நாய்த் தடத்தில் நகம் பதியும், சிறுத்தைத் தடத்தில் பதியாது. "ராத்திரி வந்துட்டுப் போயிருக்குதுங்க" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போய்விடுவோம். இப்போது அதே நடை வீடியோ ஆகிறது. மதியத்துக்குள் "ஊருக்குள் புகுந்த சிறுத்தை, மக்கள் பீதி" என்று செய்தி ஆகிறது. சாயந்தரம் யாராவது சாலை மறியலுக்கு ஆள் சேர்க்கிறார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: கூண்டு வை.

எனக்கு அந்தக் கூண்டில் நம்பிக்கை கிடையாது. காட்டுயிர் ஆர்வலன் என்பதால் இல்லைங்க, ஆடு மாடு வைத்திருப்பவன் என்பதால்.

மகாராஷ்டிராவில் புனே மாவட்டத்து ஜுன்னர் கரும்புக்குப் பேர்போன பகுதி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் சிறுத்தை குடும்பமே நடத்தும். அறுவடைக்குப் போகிறவர்கள் வரப்போரம் குட்டிகளைப் பார்ப்பது அங்கே சகஜம். 2001 வாக்கில் அந்தச் சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வித்யா ஆத்ரேயா என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் பிறகு கணக்குப் பார்த்தார்கள். 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர் தாக்கப்பட்ட பகுதியில், பிடித்து விடும் வேலை தொடங்கிய பிறகு ஆண்டுக்கு 17 பேர் தாக்கப்பட்டார்கள். தாக்கப்பட்டவர்களில் இறந்தவர்களின் பங்கும் கூடியது.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சந்தையிலிருந்து ஓட்டி வந்த மாடே பத்து நாளைக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்த வழியைப் பார்த்து நிற்கும். கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட சிறுத்தையை, தண்ணி எங்கே, வழி எங்கே என்று தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் என்ன செய்யும்? பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். போகிற வழியில் யாரோ ஒருவருடைய ஊர் இருக்கும். அது கிளம்பின இடமும் சும்மா இருக்காது. தரிசு போட்ட நிலத்தில் களை வராமல் இருக்குமா? வேறொரு சிறுத்தை வந்து பிடித்துக்கொள்ளும், அனேகமாக இளவட்டமாக. எங்கள் நாய் நரம்பெல்லாம் தெரிந்த பழைய சிறுத்தை போய், ஒன்றும் தெரியாத புதுசு வந்து சேரும். எனக்கு எது நல்லது, சொல்லுங்கள்.

"அப்ப ஆளை அடிச்ச சிறுத்தையையும் விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. 2024 ஜனவரியில் பந்தலூரில் ஒரு சின்னக் குழந்தையைக் கொன்ற சிறுத்தையை மயக்க ஊசி போட்டுப் பிடித்து வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். அது செய்யவேண்டிய வேலை, அதில் பேச்சே இல்லை. நான் பேசுவது சுவர் மேல் நடந்து போன சிறுத்தையைப் பற்றி. கண்ணில் பட்டது என்பதற்காக மட்டும் பிடிக்க வேண்டாம் என்பதுதான் மத்திய அரசு 2011-ல் கொடுத்த வழிகாட்டுதலின் சாரமும். மறியலில் உட்காருகிறவர்களுக்கு அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதிகாரிகளுக்கும் கூண்டு வைப்பது சுலபம். கூண்டு வைத்தால் ஏதோ செய்த மாதிரி போட்டோவில் தெரியும்.

எங்கள் ஊரில் பெரியவர் ஒருவர். அவர் பட்டியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் நாலு வெள்ளாடு போயிற்று. தின்றது ஒன்றில் பாதி. மீதி மூன்றும் சும்மா செத்துக் கிடந்தன. வெறி பிடித்த சிறுத்தை என்று ஊரே பேசியது. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓடினால், ஓடுவதையெல்லாம் அடிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் வேலி போட்டு மேலே திறந்துவிட்ட பட்டி என்பது நாமே இலை போட்டுப் பரிமாறுவது. பெரியவர் நஷ்டஈட்டுக்கு மூன்று மாதம் நடந்தார். போட்டோ, கால்நடை மருத்துவர் சான்று, இன்னொரு சான்று. "ஆடு செத்ததைவிட இந்த அலைச்சல்ல நான் செத்துருவேன் போலிருக்குது கண்ணு" என்றார். பிறகு மகன்கள் சேர்ந்து பட்டிக்கு மேலே கம்பிவலை அடித்து, தகரம் போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தார்கள். 30,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அதற்கப்புறம் சிறுத்தை அந்தப் பக்கம் வராமல் இல்லை, தடம் இருக்கிறது. ஆடுகளும் இருக்கின்றன.

இந்தப் பட்டிக் கதையை சான் ஹோசேயில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகனிடம் சொன்னேன். "அண்ணா, இங்கயும் இதே கதைதான்" என்றான். அங்கே மலைச்சிங்கம், பூமா என்றும் சொல்வார்கள். 2016 நவம்பரில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் கழுத்துப்பட்டை மாட்டி பி-45 என்று பெயரிட்டிருந்த ஒரு பூமா, ஒரு பண்ணையில் புகுந்து ஒரே ராத்திரியில் 10 அல்பாகாக்களை அடித்தது. அல்பாகா என்பது ஒட்டக ஜாதி, நம்ம செம்மறி மாதிரி கம்பளிக்கு வளர்ப்பது. உரிமையாளருக்குச் சுடுவதற்கு அனுமதியே கிடைத்துவிட்டது. ஊர் முழுக்க எதிர்ப்பு, கடைசியில் சுடவில்லை. அங்கே நிபுணர்கள் சொன்ன வழி என்ன தெரியுமா? மேலே கூரை போட்டு அடைத்த பட்டி. எங்கள் பெரியவர் ஆங்கிலம் படிக்காமலே கண்டுபிடித்தது.

அவன் நடக்கப் போகும் மலைப்பாதையின் வாசலில் இருக்கும் பலகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இது பூமா நடமாடும் இடம், தனியாகப் போகாதே, பார்த்தால் ஓடாதே, நிமிர்ந்து கையைத் தூக்கிப் பெரிதாகத் தெரி, குழந்தையைத் தூக்கிக்கொள், மேலே பாய்ந்தால் திருப்பி அடி. அவ்வளவுதான். விலங்கின் இடத்துக்கு நீ வந்திருக்கிறாய் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் அண்ணன் தம்பி இரண்டு பேரைப் பூமா தாக்கி ஒருவர் இறந்தார், அந்த மாநிலத்தில் 20 வருஷத்தில் முதல் சாவு. அதன் பிறகும் மாநிலத்துப் பூமாக்களையெல்லாம் பிடித்துக் கொண்டுபோ என்று ஊர் கிளம்பவில்லை.

நம் பக்கத்தில் இந்தப் பலகைக்குச் சமமாக ஒன்று நடந்தது, அதைச் சிரித்தே கெடுத்தோம். 2023 ஆகஸ்டில் திருப்பதி அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. தேவஸ்தானம் நடந்து போகிறவர்கள் கையில் ஆளுக்கொரு கம்பு கொடுத்தது. எத்தனை மீம்! கம்பால் சிறுத்தையை அடித்து விரட்டச் சொல்லவில்லை, கூட்டமாகச் சத்தத்தோடு போகச் சொன்னார்கள். அதைவிட முக்கியமானது, மதியம் 2 மணிக்குமேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அந்தப் பாதையில் விடாதது. நிமிர்ந்து நடக்கும் பெரிய மனுஷனைச் சிறுத்தை இரையாகப் பார்ப்பது அபூர்வம். முன்னால் ஓடும் குழந்தையும், குனிந்து புல் அறுப்பவரும், இருட்டில் ஒதுங்க உட்காருபவரும் வேறு கணக்கு.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. 2025 ஜூனில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சின்னப் பெண்ணை வீட்டோரத்திலிருந்தே சிறுத்தை தூக்கிப் போனது. லயன் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் தேயிலைச் செடி சுவரை உரசிக்கொண்டு நிற்கும். கழிப்பறை தள்ளி இருக்கும். விளக்கு இருந்தால் எரியாது. தாய் வேலை முடிந்து வருகிற நேரமும் சிறுத்தை வெளியே கிளம்புகிற நேரமும் ஒன்று. அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது வீட்டைச் சுற்றி இருபது முப்பது அடிக்கு வெட்டின புதர், ஒரு விளக்கு, வீட்டோடு ஒட்டின கழிப்பறை. இதையெல்லாம் கேட்டு யாரும் டிரெண்ட் பண்ணுவதில்லை. கூண்டு கேட்பது எல்லோருக்கும் வசதி, கழிப்பறை கட்ட வேண்டியவர்களுக்குத்தான் ரொம்ப வசதி.

இப்போது உங்களிடம் நேராக ஒரு விஷயம். சனி ஞாயிறுக்கு எங்கள் அடிவாரத்தில் டென்ட் அடித்துத் தங்க வருகிறீர்கள். வாங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பையன்கள் சிலருக்கு அதில் வேலையும் கிடைக்கிறது. ஆனால் ராத்திரி சுட்டுத் தின்ற கோழியின் எலும்பு எங்கே போகிறது என்று கேட்டீர்களா? ஓடைக்குத்தான். திங்கட்கிழமை காலையில் அங்கே இருபது நாய் நிற்கும். மகாராஷ்டிராவின் அகோலேயில், காடே இல்லாத விவசாயப் பகுதியில் வாழும் சிறுத்தைகள் என்ன தின்கின்றன என்று ஆராய்ந்தபோது, எடைக் கணக்கில் 39 சதவீதம் நாய். எலும்புக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். நீங்கள் ஞாயிறு சாயந்தரம் கிளம்பிவிடுவீர்கள், அது கிளம்பாது. ஓடையோரம் எங்கள் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நடக்கிற பாதை இருக்கிறது.

டென்ட் துணி உங்களுக்கும் காவல் இல்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் ஒரு தங்குமிடத்தில் டென்ட் போட்டுத் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை கொன்றது. தங்குமிடத்துக்காரரிடம் "சிறுத்தை பாக்கலாமா?" என்று கேட்காமல், "குப்பையை என்ன பண்றீங்க, ராத்திரி கழிப்பறைக்கு எப்படிப் போறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் தங்காதீர்கள். டார்ச் அடித்துக்கொண்டு ஜீப்பில் சிறுத்தை தேடக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து போகாதீர்கள்.

ஒருவேளை சிறுத்தை எங்காவது மாட்டிக்கொண்டால் கூட்டம் கூடாமல் இருப்பதே பெரிய உதவி. 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர்ப் பக்கம் ஒரு பாழடைந்த குடோனுக்குள் சிறுத்தை புகுந்துகொண்டது. சுற்றிலும் வீடுகள். வனத்துறை ஆட்கள் வாசலில் கூண்டை வைத்துவிட்டு, ஊசி போடாமல், உள்ளே போகாமல், ஐந்து நாள் போலக் காத்திருந்தார்கள். கடைசியில் அதுவாகவே வந்து ஏறியது. யாருக்கும் காயம் இல்லை. டிவியில் அதை "தொடரும் திணறல்" என்று காட்டினால் காட்டட்டும், என் கணக்கில் அந்த ஐந்து நாள்தான் கெட்டிக்காரத்தனம்.

அக்டோபர் 2-ல் கிராமசபை. நாங்கள் சிலர் சேர்ந்து மூன்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம்: ஓடையில் கோழிக்கழிவு கொட்டுகிற தங்குமிடத்துக்கும் கறிக்கடைக்கும் அபராதம், தெருநாய்களுக்குக் கருத்தடை, ஓடைப் பாதையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஏழு விளக்கு. பட்டிக்குக் கூரை போட மானியம் கேட்டு நாலாவதாக ஒன்று சேர்க்கலாம் என்று பெரியவர் சொல்கிறார். கூண்டு கேட்டு ஐந்தாவது தீர்மானம் வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதமாக நிற்கிறார்கள். ஒருவர் என் மாமன்தான். அங்கே வைத்துப் பேசிக்கொள்கிறோம்.