அதுவாக வரட்டும்



"இரவில் குரைக்க ஒரு நாய் இருந்தாலே போதும், கொஞ்சம் நிம்மதியாகப் படுக்கலாம்" என்று, பிள்ளைகளுடன் தனியே வாழும் பெண்கள் பலர் என்னிடம் கூறுவதுண்டு. காப்பகங்களில் வீடு தேடும் நாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுட் சில ஆளைக் கண்டதும் மூலையில் ஒடுங்கிவிடும். "இதுவே பயந்து சாகிறது, எங்களை எப்படிக் காக்கும்?" என்று திரும்பி வந்துவிடுகிறோம். அப்படிப்பட்ட நாயைப் பழக்கியெடுப்பது பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

எனது பணிப் பிரதேசத்தில் கணவரை இழந்த ஓர் அக்கா, இரண்டு பெண்பிள்ளைகளுடன் இருக்கிறார். அவர் காப்பகத்திலிருந்து எடுத்துவந்த கறுப்பி, ஏற்கெனவே இரண்டு வீடுகள் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த நாய். மூன்றாவது முறையும் திரும்பினால் ஆயுள் முழுவதும் கூட்டுக்குள்தான் என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

முதற் கிழமை அக்கா அதைத் தொடவேயில்லை. பின்பக்கச் சுவரோரம் சாக்கு விரித்து, மூன்று பக்கமும் மறைப்பாக ஓர் இடம் கொடுத்தார். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் சோறும் மீனும் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி, முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருந்து கீரை ஆய்வார். பயந்த நாய்க்கு நேருக்கு நேர் பார்வையும், தலைக்கு மேலே நீளும் கையும் மிரட்டலாகவே தெரியும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைத்தார்.

கறுப்பிக்குத் தும்புத்தடியைக் கண்டால் நடுக்கம். முன்பு யாரோ அதனால் அடித்திருக்கலாம். அக்கா தும்புத்தடியை ஒளிக்கவில்லை. முற்றத்தின் மறுகோடியில் கூட்டும்போதே மூத்தவள் இங்கே ஒரு துண்டு மீனை எறிவாள். நாய் நடுங்காமல் தின்னத் தொடங்கிய பிறகே ஓரடி கிட்டவாகக் கூட்டினார். இதுதான் முழு முறையும். பயப்படும் பொருள் தூரத்தில், பிடித்த உணவு பக்கத்தில். அவசரப்பட்டு நெருங்கினால் பழக்கியதெல்லாம் வீணாகும்.

வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குவது, நித்திரையில்லாமலே கொட்டாவி விடுவது, மூக்கை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "போதும்" என்று நாய் சொல்லும் வழிகள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும்.

ஆறாம் கிழமை கறுப்பி தானாக வந்து அக்காவின் கையை முகர்ந்தது. அவர் நெஞ்சுப் பக்கமாக மெல்லத் தடவி, உடனே கையை எடுத்துவிட்டார். அது இன்னும் கிட்ட வந்தது.

பிறகு கோயில் திருவிழா வந்தது. வெடிச் சத்தத்தில் கறுப்பி மீண்டும் சாக்கு மூலைக்கே போய், இரண்டு நாள் சாப்பிடவில்லை. "எல்லாம் வீணாய்ப் போச்சு, திருப்பிக் குடுங்கோ" என்றார்கள் அயலவர்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் வாசித்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1924 இல் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்து, விஞ்ஞானி பவ்லோவின் ஆய்வுகூட நாய்கள் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. அதன்பின் சில நாய்கள் கற்ற பழக்கங்களை இழந்திருந்தன. நீண்ட நாட்களில் ஒரு நாய் தேறிய பின்னர், கதவின் கீழால் சிறிது தண்ணீரை வழியவிட்டபோது பழைய பயம் முழுவதும் திரும்பிவிட்டது. தேறிய உயிருக்கும் பயம் திரும்பும். அதற்காகத் தேறியது பொய்யாகிவிடாது.

இதை அக்காவிடம் சொன்னேன். "வெடிச் சத்தம் கேட்டால் இண்டைக்கும் எனக்குக் கை நடுங்கும். அதுக்கு மட்டும் ஏன் ஏசவேணும், தங்கச்சி?" என்றார். மறுநாளே முதற் கிழமை செய்தது போலத் தள்ளி இருந்து கீரை ஆயத் தொடங்கினார். இம்முறை ஆறு கிழமை தேவைப்படவில்லை. எட்டே நாளில் கறுப்பி கைக்கு வந்தது. நான்காம் மாதத்தில் ஓர் இரவு வேலியோரம் அசைவு கேட்டு முதன்முறையாகக் குரைத்ததாம்.

நாய் எடுக்க விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனியுங்கள். எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். கருத்தடை செய்யப்பட்டதா, விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டு அட்டையை வாங்குங்கள். தடுப்பூசியை ஆண்டுதோறும் போடவேண்டும். வேலியை முதலில் அடையுங்கள், பயந்த நாய் முதல் நாட்களிலேயே ஓடப்பார்க்கும். எந்த நாய் கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் பூசவேண்டாம்.

எல்லா நாயும் முழுதாகத் தேறும் என்று உறுதி சொல்லமுடியாது. கறுப்பி இன்றும் வெடிச் சத்தத்துக்கு மூலைக்குத்தான் போகும். அந்தச் சாக்கை அக்கா இன்னும் எடுக்கவில்லை. பயம் வரும் நாளில் ஒதுங்க ஓர் இடமும், அது தெளியும்வரை ஏசாமல் காத்திருக்க ஓர் ஆளும் எந்த உயிருக்கும் வேண்டும், சகோதரிகளே.