மலை மேல் பழி போடாதீர்!



லயங்களில் டவர் கிடைக்கவில்லை என்று மனுக் கொடுக்கப் போனால், "மலைப்பிரதேசம், என்ன செய்வது?" என்ற பதிலோடு திரும்பி வருகிறோம். வாயில்லாத மலை மேல் எந்தப் பழியையும் போடலாம்! ஆனால் குற்றம் மலையினுடையதுதானா? குமுளி இறங்கினால் வரும் தேனி மாவட்டத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது.

2005-ம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், பேராசிரியர் எரிக் புரூவர் தலைமையில், அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து வேலை தொடங்கினார்கள். போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி உள்ளிட்ட ஐந்து ஊர்களின் கண் மையங்களுக்கு வரும் ஏழைகளை, தேனியில் இருக்கும் டாக்டர் திரையிலே பார்த்துப் பேச வேண்டும். நோயாளிக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது விலை உயர்ந்த சாதனம் அல்ல. வீட்டிலும் கடையிலும் வைக்கும் சாதாரண வைஃபைதான்.

வைஃபை ஓர் அறைக்குள் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. அனுப்பும் ஒவ்வொரு துண்டுக்கும் ரசீது கேட்கும். தூரம் கூடினால் ரசீது வரத் தாமதமாகும். துண்டு தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும்.

ரயில்வேக்காரனுக்கு இது புதிதல்ல. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகளை விடுவோமா? டோக்கன் வாங்கிய வண்டி போகும். மற்றது ஸ்டேஷனில் நிற்கும். அவர்களும் அதே விதியை வைத்தார்கள். இந்தப் பக்கத்துக்குச் சிறிது நேரம், அந்தப் பக்கத்துக்குச் சிறிது நேரம். பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே ரசீது. 15 கிலோமீட்டர் தூரம்வரை வேலை செய்தது. 2007-ல் இந்த முறையை உலகறிய வெளியிட்டார்கள்.

2008-ல் அவர்கள் எழுதிய பாடம் நமக்கு இன்னும் முக்கியமானது. கருவிகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு மோசமான மின்சாரத்துக்கே! பழுது பார்க்க உள்ளூரில் ஆள் இல்லாததும் பெருங்குறை. ஆகவே மின்சாரத்துக்குப் பாதுகாப்பு வைத்து, உள்ளூர் ஊழியர்களையே பழக்கினார்கள்.

தேனி சமவெளி, ஏலப்பாறை மலையாயிற்றே என்பார்கள். நியாயமான வாதம்தான். இரு முனைகளும் நேருக்கு நேர் தெரிய வேண்டும். நடுவே குன்று வந்தால் உச்சியில் ஓர் இடைநிலையம் வேண்டும். அது செலவு பிடிக்கும் காரியம்; முடியாத காரியம் அல்ல. செலவை யார் ஏற்பது என்பதே உண்மையான கேள்வி. அதை மறைக்கவே மலையைக் காட்டுகிறார்கள்.

ரேஷன் கடையில் கைரேகை, பி.எஃப். பணத்துக்கு மனு, பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் இன்று இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. இவற்றைவிடப் பெரிய காரியமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, நம் இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரைப் பறிகொடுத்தோம். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை; செய்தி வெளியே எட்டியது மறுநாள் காலையில்தான். டவர் இருந்தால் மலை சரியாமல் இருந்திருக்காது. ஆனால் மீட்க வருவோருக்கு அந்த இரவே சேதி போயிருக்கும் அல்லவா?

இணையம் பெறுவது கல்வியுரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-லேயே தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5 அன்று மாநில அரசு கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் வாக்குறுதி. அதன் கம்பி மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே போகிறது. லயத்துக்குக் கரண்ட் கொண்டுவந்த கம்பத்தில் இந்தக் கம்பி ஏறக் கூடாதா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று:

1. இலவச இணைப்புப் பட்டியலில் லயக் குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். பீர்மேடு வட்டத்தில் முதலாளிகள் கைவிட்டுப்போன தோட்டங்களில் கேட்க நிர்வாகமே இல்லை. அங்கே அரசே பொறுப்பேற்க வேண்டும்.

2. கரண்ட் போனாலும் டவர் நிற்காதபடி பாட்டரியும் சோலாரும் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் படுத்துவிடும் டவரால் நமக்கு என்ன பயன்?

3. பழுது பார்க்கும் வேலைக்கு நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பழக்கி அமர்த்த வேண்டும்.

வெறுங்கையோடு போனால் மறுபடியும் மலையைத்தான் காட்டுவார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த இடத்தில் டவர் கிடைக்கிறது, மழைக்கு எத்தனை நாள் கரண்ட் போகிறது, கடைசி மின்கம்பம் எவ்வளவு தூரம். அந்தக் கணக்கை முன்வைத்துப் பேசுவோம்.