மேட்டுக்கு எந்த லேபிள்?

கோலார் தங்கவயலில் சயனைடு என்றால் குழந்தைக்கும் தெரியும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மிச்சம்தான் ஊரைச் சுற்றியுள்ள மேடுகள். சுமார் 3.3 கோடி டன். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் நிற்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது.

போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ரசாயன ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமையானது. 1989 விதிகள் பீப்பாய்க்கு லேபிளைக் கட்டாயமாக்கின. 2003-ல் ஐ.நா. பொதுச் சின்னங்களை வெளியிட்டது. சயனைடுக்கு சிவப்புச் சாய்சதுரத்துக்குள் மண்டையோடு. எழுத்தறியாதவரும் விலகி நிற்பார். (அமிலம் பட்டால் விஷவாயு கிளம்பும் என்பதைப் படம் சொல்லாது, அதற்குத் தகவல் தாளைத்தான் பார்க்க வேண்டும்.)

ஆனால் மேட்டில் சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். நுண்ணிய சிலிக்கா சிதையாது. நுரையீரலை அரிப்பது அதுதான். அதற்குச் சின்னமும் வேறு: மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம்.